ஐந்தாம் இடத்திலிருந்து

தமிழ் ராக் 2023-இல் பிறந்ததாக இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. கோக் ஸ்டுடியோ தமிழ் அந்த ஆண்டுதான் வந்தது, ஷான் ரோல்டன் பொறுப்பில் நாட்டார் குரலும் எலக்ட்ரிக் கிதாரும் ஒரே தளத்தில் நின்றன, அதற்கு முன்னால் பொட்டல்காடு. பட்டியல் போடுகிற பையன்கள் எல்லாரும் இதையே வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். அந்தப் பாட்டுகள் இனிமையானவை, மறுக்கவில்லை. புளி போட்டுத் தேய்த்து வைத்த குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று இருக்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கு ஒரு இடத்தில்கூட இல்லை. எனக்கு ராக்கில் அந்தப் பிசுக்குதான் வேண்டும்.

எதிர்ப்பட்டியல் போடும் தைரியத்தைக் கொடுத்தது எங்கள் ஊர்ப்பக்கம். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. கம்பனையே சலித்தவர். தன் காதுக்குக் கம்பனாக ஒலிக்காத பாட்டையெல்லாம் இடைச்செருகல் என்று தள்ளிவிட்டு, மிச்சத்தைக் ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்று பதிப்பித்தார். பண்டிதர்கள் ஏசினார்கள். அவர் பாட்டுக்கு, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, கவிதை சொல்லிக்கொண்டிருந்தார். பதிப்பு நெறிப்படி அவர் செய்தது சரியா என்பது வேறு வழக்கு. பிடித்ததைப் பிடித்தது என்று கூசாமல் சொல்ல அந்த அருவிக்கரையில் ஒரு முன்னோடி உண்டு, அவ்வளவுதான்.

முன்கதை எல்லாருக்கும் தெரியும். இலங்கையில் நித்தி கனகரத்தினமும் ஏ.இ. மனோகரனும் பைலாத் துள்ளலில் தமிழ்ப் பாப்பைக் கிளப்பிவிட்டார்கள். எழுபதுகளில் ‘சக்தி’ குழுவில் விக்கு விநாயக்ராமின் கடம் ஜான் மெக்லாஃப்லினின் கிதாரோடு மல்லுக்கு நின்றது. 1986-இல் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. சென்னையில் ‘நெமிசிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவில் கீபோர்டு வாசித்த பையன் 1992-இல் ‘ரோஜா’வுக்கு இசையமைத்தான். அதற்குப் பிறகு கிதார் பிடிக்கத் தெரிந்தவனெல்லாம் சினிமா ஸ்டுடியோ வாசலில் நின்றான். ஆல்பம் என்கிற வடிவம் தமிழில் சோனியாகவே வளர்ந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எங்கள் பக்கம் ராக் வந்தது சென்னை வழியாக இல்லை, வளைகுடா வழியாக. கடையநல்லூரிலும் தென்காசியிலும் தெருவுக்கு நாலு பேர் சவூதியிலோ துபாயிலோ இருந்த காலம். லீவில் வருகிறவர் பெட்டியில் செண்ட் பாட்டில், டூ-இன்-ஒன், கூடவே அட்டையில் எழுத்துப்பிழையோடு சில இங்கிலீஷ் கேசட்டுகள். அப்படி வந்த ஒன்றில் லெட் செப்பெலினின் நான்காவது ஆல்பம் (1971) இருந்தது. அதை ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, அறுபது நிமிடக் கேசட்டில் நகல் எடுத்துக்கொண்டேன். ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘வென் தி லெவி பிரேக்ஸ்’. 1927-இன் மிசிசிப்பி வெள்ளத்தை வைத்து மெம்ஃபிஸ் மின்னியும் கன்சாஸ் ஜோவும் 1929-இல் பதிவு செய்த பாட்டு அது. லெட் செப்பெலின்காரர்கள் ஒரு பழைய பெரிய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் ஜான் பான்ஹமின் டிரம்ஸை வைத்து, மேலே படிக்கட்டில் மைக்கைத் தொங்கவிட்டார்களாம். இதெல்லாம் பின்னால் படித்தது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஐப்பசி அடைமழையில் குற்றாலம் மெயின் அருவியில் குளிக்கத் தடை போட்டிருக்கும்போது தள்ளி நின்றாலே நெஞ்சுக்கூட்டில் விழுமே ஒரு அதிர்வு, அது இந்த நாடாவுக்குள் இருந்தது.

ஆனி, ஆடிச் சாரலில் வீட்டில் எதுவும் காயாது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பூத்துவிடும். நடராஜ் பென்சிலைப் பல்சக்கரத்துக்குள் விட்டுச் சுற்றிச் சுற்றி, பழைய பனியன் துணியால் துடைத்துத்தான் போட வேண்டும். துடைத்தாலும் சத்தம் அமுங்கியே வரும். ராக் என்றால் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கும் இசை என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நாடாவில் இடம் மிச்சமிருந்ததால் கடைக்காரர் தன் இஷ்டத்துக்குக் ‘கரகாட்டக்காரன்’ பாட்டு ஒன்றை ஒட்டியிருந்தார். அப்போது கோபம்தான் வந்தது. ஆனால் பான்ஹம் ஓய்ந்ததும் தவில் பிடித்துக்கொள்ளும்போது வேறு தேசத்துக்குப் போன மாதிரி ஒருநாளும் தோன்றவில்லை. இப்போது நான் போடும் வரிசை அந்த ஒட்டில்தான் நிற்கிறது.

ஐந்தாவது, கிதாரில் கர்நாடக இசை வாசிக்கும் ராணிப்பேட்டைக்காரர் பிரசன்னாவின் ‘எலக்ட்ரிக் கணேசா லேண்ட்’ (2006). ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 1968 ஆல்பத்தின் பெயரோடு உரசிக்கொள்ளும் தலைப்பே அழகு. விரல் வேலை அபாரம். இருந்தாலும் சபா நாற்காலி கண்ணைவிட்டு மறைவதில்லை. இவருக்குப் பின்னால் கிளம்பிய கர்நாடக ராக் கூட்டத்தைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. கீர்த்தனையைப் பாடிவிட்டு, சரணத்துக்கு முன்னால் கிதாரை உறுமவிட்டால் ராக் ஆகிவிடுமா? பட்டு வேட்டிக்கு மேல் தோல் ஜாக்கெட் மாட்டிய மாப்பிள்ளைதான்.

நாலாவது, கபேர் வாசுகியின் ‘அழகு புரட்சி’. பேச்சுத் தமிழ் கிதாரில் தடுக்காமல் உட்காரும் என்று காட்டியது. படித்த பையன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு புலம்புகிற தொனி. புலம்பலுக்கு நாலாம் இடம் போதும்.

மூன்றாவது தமிழே இல்லை. திருவனந்தபுரத்து ‘அவியல்’ 2008-இல் வெளியிட்ட, குழுவின் பெயரையே தாங்கிய ஆல்பம். செங்கோட்டைக்காரனுக்கு ஆரியங்காவு அடுத்த தெரு; இந்த அத்துமீறலை அவன் மன்னிப்பான். மலைக்கு அந்தப் பக்கம் நாட்டுப்பாட்டின் சொற்கட்டையே எடுத்துக் கிதாரின் முதுகெலும்பாக ஆக்கிக்கொண்டார்கள். இந்தப் பக்கம் நாம் அப்போதும் ரிங்டோன் டவுன்லோடு செய்துகொண்டிருந்தோம். பொறாமையில் கொடுத்த மூன்றாம் இடம் இது.

இரண்டாவதுக்குத்தான் நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் ‘மகிழ்ச்சி’. அயோத்திதாசரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற சொல்லிலிருந்து பெயரெடுத்து, பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த கூட்டம், 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியது. சாவு வீட்டுக்கென்று ஒதுக்கிய பறையை இவர்கள் கிதாருக்குத் தொட்டுக்கொள்ளும் சட்னியாக வைக்கவில்லை, முன்வரிசையில் நிறுத்தினார்கள். தமிழ் ராக் எப்போது பிறந்தது என்று யாராவது தேதி கேட்டால் 2023-ஐவிட இதுவே நியாயமான தேதி. ஆனால் பதிவில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். மேடையில் கேட்டவனுக்கு ஆல்பம் பாதிதான்.

முதல் இடம் சுசீலா ராமனின் ‘வேல்’ (2011). தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். முதல் ஆல்பம் ‘சால்ட் ரெய்ன்’ (2001) மெர்குரி பரிசின் இறுதிப்பட்டியல்வரை போனது. பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து முருகன் பாட்டு கற்றுக்கொண்டார். நம் பட்டியல்காரர்கள் அவரை வெளிநாட்டுக்காரி என்று விட்டுவிடுகிறார்கள். அந்த ஆல்பத்தில் ‘பால்’ என்றொரு பாட்டு. குரல் கரகரத்து, தாளம் ஏறி ஏறி, அருள் வருவதற்கு முந்தைய நிமிடத்திலேயே நம்மை நிறுத்தி வைக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று எங்கள் ஊர்க்காரனுக்குச் சொல்ல வேண்டாம். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் எங்கள் தென்காசி மாவட்டத்துக்காரர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போகையில் வழிநடைக்குப் பாடியதே காவடிச் சிந்து என்பார்கள். 1891-இல், முப்பது வயதுகூட ஆகாமல் ரெட்டியார் செத்துப்போனார். ராக்கில் இதைவிடச் சின்ன வயதில் செத்தவர்கள் குறைவு. எத்தனை சபாவில் பாடினாலும் சிந்து கால் நடக்கிற பாட்டுதான். மூச்சு வாங்கும் இடம்கூட நடையில் வைத்தது. நம் கிதார்க்காரர்கள் தியாகராஜரைத் தொடுவதற்கு முன்னால் இதைத் தொட்டிருக்கலாம்.

போன பங்குனி உத்திரத்துக்குப் பண்பொழி திருமலைக் கோயில் அடிவாரத்தில் நின்றிருந்தேன். மேளக்காரர் ஒருவர் படியேறி இறங்கிய களைப்பில், தவிலை மடியில் கிடத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் ‘பால்’ பாட்டைப் போனில் போட்டு ஒரு இயர்போனை அவரிடம் நீட்டினேன். விரல்களில் கட்டியிருந்த கூடுகள் டம்ளரில் கிணுகிணுவென்று தாளம் போட்டன. முழுசாகக் கேட்டார்.

“தாளம் நம்மதுதான் அண்ணாச்சி” என்றார். “ஆனா அந்தம்மா நின்னுக்கிட்டுல்லா பாடுது. தோள்ல ஒண்ணும் இல்ல.”

டம்ளரைக் கடையில் வைத்துவிட்டு அடுத்த காவடிக்கு எழுந்து போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் முதல் இடத்தை மட்டும் பேனாவில் அடித்துவிட்டு, அதே பெயரைப் பென்சிலால் எழுதி வைத்தேன்.