ஜப், ஜிஃப், கூலி

இரண்டாம் உலகப்போர் பற்றிய ஆங்கிலப் பிரதி ஒன்றை மொழிபெயர்க்க உட்கார்ந்தால் 'ஜப்' என்று வரும் இடத்தில் 'ஜப்பானியர்' என்று எழுதத்தான் கை போகும். அகராதிப்படி தப்பில்லை. ஆனால் 'அர்' விகுதி ஒட்டியதுமே வசவு மரியாதையாகிவிடுகிறது. போருக்கு முன் வெறும் சுருக்கமாகவும் வழங்கிய சொல்தான் அது. 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டபின் அமெரிக்கச் சுவரொட்டிகளில் அதற்குத் துருத்திய பல்லும் வட்டக் கண்ணாடியும் முளைத்தன. 1942இல் சுமார் 1,20,000 பேரை வம்சாவளி பார்த்து முகாம்களில் அடைத்தார்கள். பெரும்பாலானோர் அமெரிக்கக் குடிமக்கள்.

சரி, 'ஜப்பான்காரன்' என்று போடலாமே? போதாது. கரிசல்காட்டில் வெள்ளைக்காரன், பால்காரன் எல்லாரும் 'காரன்'தான். மரியாதை இல்லை, பகையும் இல்லை. 'சப்பை மூக்கன்' பகையைக் கொண்டுவரும். கூடவே, இங்கே பிழைக்க வந்திருக்கிற வடகிழக்குப் பையன் மேலும் போய் விழும்.

நமக்கென்ன வந்தது என்று ஒதுங்கவும் முடியாது. இந்திய தேசிய ராணுவத்தாருக்கு பிரிட்டிஷ் ராணுவம் வைத்த பெயர் 'ஜிஃப்'. ஜப்பான் தூண்டிவிட்ட ஐந்தாம்படை என்று அதை விரிப்பார்கள். மலேயா ரப்பர் தோட்டத்திலிருந்து போய்ச் சேர்ந்த தமிழனும் அதில் அடக்கம். அவன் பெயரின் முதலெழுத்தே ஜப்பானுடையதாகிவிட்டது.

அதே தோட்டங்களிலிருந்துதான் பல்லாயிரம் தமிழரை ஆசைகாட்டியும் பிடித்தும் சயாம்–பர்மா ரயில்பாதைக்கு ஜப்பானிய ராணுவம் கொண்டுபோனது. 415 கிலோமீட்டர். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்குகூடக் கிடையாது. ஜப்பானிய மொழியில் அவர்கள் 'ரோமுஷா'. தொழிலாளி என்கிற சாதாரணச் சொல். அங்கிருந்து தப்பி வந்தவர் 'ஜப்பான்காரன்' என்று காறித் துப்பினால், அதை அமெரிக்கச் சுவரொட்டியோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

இன்னும் சிக்கலானது 'கூலி'. அதன் வேர் தமிழா குஜராத்தியா என்ற சண்டை இருக்கட்டும். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸில் வாரக்கூலி எண்ணி வாங்குகிறவளுக்கு அந்தச் சொல்லில் அவமானம் ஒன்றுமில்லை. தென்னாப்பிரிக்காவில் அதே சொல் காந்தியைக்கூடக் 'கூலி பாரிஸ்டர்' ஆக்கியது. 'ஜப்', 'ஜிஃப்' இரண்டையும் தமிழெழுத்தில் அப்படியே விட்டுவிடலாம். வாசகன் முள்ளை உணர்வான். 'கூலி'யை அப்படி விட்டால் நம்ம வீட்டுச் சொல்லாகி வசவு காணாமல் போகும். 'கூலிக்காரப் பயல்' என்று போட்டுப் பார்த்தேன். டர்பன் தெருவில் வெள்ளைக்காரன் பேசுகிற மாதிரி இல்லை; எங்க ஊர்ப் பண்ணையார் பேசுகிற மாதிரி இருக்கிறது.