உள்ளங்கையில் ஒரு சொட்டு நீலம்

ராத்திரி பத்து மணி. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாச்சு, வீடு அடங்கியாச்சு. கண்ணாடி முன்னால் நின்று அந்தக் குட்டிக் குப்பியைத் திறந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுகிறேன். நீலம்! வேட்டிக்குப் போடும் சொட்டு நீலத்தின் அடர்த்தி இல்லை. தோட்டத்துக்கு மயில்துத்தம் கரைக்கும்போது தண்ணீரில் முதல் இழை இறங்குமே, அந்த நீலம். அதுதான் என் காப்பர் பெப்டைடு சீரம். நிறம் உள்ளே இருக்கும் செம்பு கொடுத்தது. மூன்று மாதமாகத் தினமும் பார்க்கிறேன், இன்றைக்கும் மனசு துள்ளுகிறது.

இதற்கு முன்னால் ஒரு வருஷம் ரெட்டினாலோடு குடித்தனம் நடத்தியவள் நான். மூக்கோரம் செதில் செதிலாக உரியும், சீயக்காய்த் தண்ணீர் வழிந்து கன்னத்தில் பட்டாலே சுரீரென்று எரியும், வெயிலில் இறங்கினால் முகம் சிவந்துவிடும். ரெட்டினால் தோலை விரட்டி வேலை வாங்கும் மேஸ்திரி. போடாக்ஸோ, நரம்பிலிருந்து தசைக்குப் போகிற தகவலையே தடுத்து நிறுத்திவிடும். மூன்று நான்கு மாதத்தில் அதன் வீரியம் குறைந்ததும் நெற்றிக்கோடு பழையபடி வந்து உட்காரும்.

இந்த நீலச் சொட்டு பிறந்த கதையைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை! கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்கள். 1970களின் தொடக்கம், அமெரிக்காவில் லோரன் பிக்கார்ட் என்ற விஞ்ஞானி, வயதானவர்களின் கல்லீரல் திசுவை இளைஞர்களின் ரத்தப் பிளாஸ்மாவில் வைக்கிறார். கிழட்டுத் திசு இளந்திசு மாதிரி வேலை செய்கிறது! அப்படி என்னதான் இருக்கிறது அந்த ரத்தத்தில் என்று தேடி, 1973இல் ஒரு துக்கடா பெப்டைடைப் பிடிக்கிறார். கிளைசின், ஹிஸ்டிடின், லைசின், மூன்றே மூன்று அமினோ அமிலம், அது செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு திரிகிறது. 20 வயதில் ஒரு மில்லி பிளாஸ்மாவில் சுமார் 200 நானோகிராம், 60 வயதில் 80தான். நம் உடம்பிலேயே இருந்து, நம்மைவிட்டு மெல்ல நழுவுகிற பொருள்! தோலுக்குள் கொலாஜன் நெய்கிற ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களிடம் போய், "எழுந்து வேலையைப் பார்" என்று சொல்கிறது.

இனி அந்தக் காலை. ஆறாவது வாரம், வெள்ளிக்கிழமை, தெருமுனையில் மல்லிகை வாங்க நிற்கிறேன், வெயில் நேராக முகத்தில் விழுகிறது, பூக்காரம்மா முழம் போட்ட கை அப்படியே நிற்க என்னை ஏறிட்டுப் பார்த்து, "என்னக்கா, ஊருக்குப் போய் நல்லா தூங்கி எந்திரிச்சு வந்தீகளா, முகம் தெளிஞ்சு கெடக்கே!" என்றாரே பார்க்கலாம், எனக்குக் காது அடைத்துவிட்டது, பூவையும் வாங்காமல் மீதிச் சில்லறையையும் வாங்காமல் வீட்டுக்கு ஓடி வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறேன், கண்ணோரக் கோடு மாயமாகவில்லை, ஆனால் தளர்ந்திருக்கிறது, கன்னத்தைத் தொட்டால் ஊறவைத்த பாதாமின் தோலை உரித்ததும் விரலுக்குத் தட்டுப்படுமே அந்த வழவழப்பு, உடனே அக்காவுக்குப் போன் போட்டு அழுதே விட்டேன், அவள் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று பதறிப்போனாள்!

ரெட்டினாலின் சொந்தக்கார மருந்தான ட்ரெடினாயினுக்கு 1986இல் ஆல்பர்ட் கிளிக்மன் வெளியிட்ட ஆய்வு தொட்டு ஆதாரம் மலையாகக் குவிந்திருக்கிறது, என் காப்பர் பெப்டைடுக்கு அவ்வளவு இல்லைதான். இருக்கட்டும், என் கன்னம் எரியவில்லையே!

இன்னொரு சந்தோஷம். கொரியாக்காரர்கள் 'சிகா' என்று குப்பியில் அடைத்து விற்கிறார்களே, அது சாட்சாத் நம் வல்லாரை. காயம் ஆற்றுகிற ஏசியாட்டிகோசைடு அதில்தான் இருக்கிறது. அம்மா துவையல் அரைத்த கீரை இப்போது என் காலை நேரத்துக் கிரீம்.

ஒன்று மட்டும் கேளுங்கள். வைட்டமின் சி சீரத்தையும் இந்த நீலச் சீரத்தையும் ஒரே வேளையில் பூசாதீர்கள், பகலில் சன்ஸ்கிரீனை விடாதீர்கள். இன்று ராத்திரி காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். இரண்டு நாள் அரிப்பு இல்லையென்றால், முகத்துக்கு வாருங்கள்.