எண் ஒன்று, கேள்வி இரண்டு

முன்பெல்லாம் தொழில் நிறுவனங்களில் கணக்குப் பிரிவும் தரச் சோதனைப் பிரிவும் நடந்து முடிந்தவற்றைப் பேரேட்டில் பதிவதோடு நின்றன. இன்று கணிப்பொறியின் துணையால் அவை தரவுகளைத் திரட்டி ஆராய்ந்து, இனி என்ன செய்யலாம் என்று நிர்வாகத்துக்கு எடுத்துரைக்கும் கூட்டாளிகளாக வளர்ந்துவிட்டன என்கிறார்கள். இது பாதி உண்மையே. மறுபாதியை அறிய, அண்ணாமலை நகருக்கு வடமேற்கே உள்ள நெய்வேலியைப் பார்ப்போம்.

நெய்வேலி நிறுவனம் 1956இல் தோன்றியது. அங்கே பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் நீர் பெரும் அழுத்தத்துடன் அடைபட்டுக் கிடக்கிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 6 முதல் 8 கிலோகிராம் வரை அது மேல்நோக்கி அழுத்துகிறது. மேல்மண்ணை அகற்றினால் பாரம் குறையும். அந்நீர் சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு பீறிடும். ஆகவே ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து இரவும் பகலும் நீரை இறைக்கிறார்கள். கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டத்தை அளக்கிறார்கள். அழுத்தம் போதிய அளவு குறையாத இடத்தில் வெட்டுவது ஆபத்து. எனவே நீர்மட்ட அளவீடு இங்கு வெறும் பதிவாக நிற்பதில்லை. எங்கே, எப்போது வெட்டலாம் என்ற முடிவிலேயே அதற்குப் பங்கு உண்டு.

ஆனால் நீர்மட்டம் இறங்குவது சுரங்கத்துக்குப் பாதுகாப்பு என்றால், அதே நீரை நம்பிய உழவருக்கு அது கிணற்றை ஆழப்படுத்தும் செலவு. சுற்றுவட்டார விவசாயிகள் இக்குறையை நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். வயல்களில் ஓடும் பம்புகளும் நிலத்தடி நீரை எடுக்கின்றன என்பதும் உண்மை. எதனால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்தறிய அளவீடுகளே வழி. "வெட்டுவதற்கு எவ்வளவு இறக்க வேண்டும்?" என்று மட்டும் கேட்டால், எத்தனை துல்லியமான அளவீடும் உழவரின் ஐயத்துக்கு விடை தராது.

கேள்வி மாறினால் முடிவே மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே பழைய சான்று ஒன்று உண்டு. 1926இல் ஒரிசாவின் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. ஆற்றுப் படுகை உயர்ந்துவிட்டது, கரைகளை உயர்த்த வேண்டும் என்பது பொறியியலார் கருத்து. மகலனோபிஸ், எவ்வளவு உயர்த்துவது என்று கணக்கிடத் தொடங்கவில்லை. படுகை உண்மையில் உயர்ந்ததா என்று கேட்டார். சுமார் 60 ஆண்டுக் குறிப்புகளை ஆராய்ந்து, படுகை உயரவில்லை, ஆற்றின் மேற்பகுதியில் பெய்த மிகுமழையே காரணம் என்று காட்டினார். கரையை உயர்த்தும் யோசனைக்கு அடிப்படையே இல்லாமல் போயிற்று.

கேட்டதற்கு மட்டும் எண் தரும் பிரிவு, புதிய பெயர் பூண்ட பழைய எழுத்தர்தான். கேள்வியையே சோதிக்கும் துணிவும், முடிவால் பாதிக்கப்படுவோரின் கேள்வியையும் அளவீட்டில் சேர்க்கும் நேர்மையும் இருந்தால்தான் அது கூட்டாளி. புள்ளியியல் பயிலும் மாணவர்கள் நாளை இத்தகைய பிரிவுகளில் அமரப் போகிறவர்கள். சூத்திரங்களோடு இந்தப் பழக்கத்தையும் இப்போதே கற்றுக்கொள்வது நல்லது.