ஹம்மல் வீட்டுக்குப் போகும் வழி

லூயிசா மே ஆல்காட் எழுதிய ‘லிட்டில் விமன்’ நாவலை இளமையில் படித்த எவரைக் கேட்டாலும், முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கிறிஸ்து பிறப்பு விழாக் காலை உணவுதான். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலம். தந்தை படைவீரர்களுக்கு ஆன்மிகப் பணியாற்றச் சென்றிருக்கிறார். மெக், ஜோ, பெத், ஏமி என்னும் நான்கு சகோதரியரும் பசியோடு காத்திருக்க, வெளியே போயிருந்த தாய் திரும்பி வந்து ஒரு செய்தி சொல்கிறார். அருகிலேயே ஹம்மல் என்னும் ஏழை ஜெர்மானியக் குடும்பம் தீயும் உணவும் இன்றி வாடுகிறது. ஆறு பிள்ளைகள் குளிருக்கு அஞ்சி ஒரே கட்டிலில் ஒண்டிக் கிடக்கிறார்கள். தாயின் அருகில் பிறந்த சிசு. சிறுமியர் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு தங்கள் உணவை அப்படியே எடுத்துக்கொண்டு அவ்வீட்டுக்கு நடக்கிறார்கள். அதைப் படித்துக் கண்கலங்கியவர்களில் நாமும் உண்டு.

அண்மையில் அந்நூலைச் சுருக்கப் பதிப்பாக அல்லாமல் முழுமையாக மீண்டும் படித்தோம். இளமையில் ஜோவின் பின்னாலேயே ஓடிய நம் மனம் இம்முறை ஹம்மல் வீட்டு வாசலில் நின்றுவிட்டது. அக்குடும்பம் எங்கெல்லாம் வருகிறது என்று தேடிக்கொண்டே படித்தோம். நூல் வேறொரு முகம் காட்டியது.

முதல் வருகைக்கு அன்றைக்கே கைம்மாறு கிடைத்துவிடுகிறது. ஏழை வீட்டார் சிறுமியரை வானதூதர்கள் என்று வாழ்த்துகிறார்கள். இரவு வீட்டு நாடகம் முடிந்து கீழே வந்தால், அண்டை வீட்டு முதியவர் லாரன்ஸ் அனுப்பிய ஐஸ்கிரீமும் கேக்கும் மலர்க்கொத்துகளும் மேசையை நிறைத்திருக்கின்றன. காலையில் கொடுத்தது இரவுக்குள் பன்மடங்காய்த் திரும்புகிறது. சிறுவர் கதைக்கு இது போதும். ஆல்காட் இதோடு விட்டிருந்தால் நாம் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம்.

ஏறக்குறைய ஓராண்டு கழிகிறது. தந்தை வாஷிங்டனில் நோயுற்றுக் கிடக்க, தாய் அவரைக் கவனிக்கச் சென்றிருக்கிறார். ஹம்மல் குடும்பத்தை மறக்கவேண்டாம் என்பது அவர் சொல்லிப்போன வார்த்தை. இப்போது விழா இல்லை, கூட்டமாய்ப் போகும் களிப்பும் இல்லை. பெத் மட்டும் நாள்தோறும் போய்வருகிறாள். ஒருநாள் அவளுக்கே உடல் சோர்ந்திருக்கிறது. அங்கே கைக்குழந்தைக்கு நோய். அக்காமார் யாராவது போனால் நல்லது என்கிறாள். மெக்குக்குக் களைப்பு. ஜோவுக்குச் சளி, ஆனால் எழுத்து வேலைக்கு அந்தச் சளி தடையாக இல்லை. ஏமி வந்தால் அனுப்பலாம் என்கிறார்கள். ஒரு மணி நேரம் ஆகியும் ஏமி வரவில்லை. மெக் தன் அறைக்குப் போய்விடுகிறாள். ஜோ கதையில் ஆழ்ந்திருக்கிறாள். வேலைக்கார அம்மா ஹன்னா அடுப்பங்கரையில் கண்ணயர்ந்துவிட்டாள். யாருக்கும் தெரியாமல் பெத் தலையில் முக்காட்டை இட்டுக்கொண்டு, கூடையை நிரப்பிக்கொண்டு, குளிரில் இறங்கிப் போகிறாள். அங்கே குழந்தை அவள் மடியிலேயே இறந்துவிடுகிறது. செங்காய்ச்சல் என்கிறார் மருத்துவர். அந்நோயே பெத்தைப் பற்றுகிறது. அப்போது பிழைத்துக்கொண்டாலும் பழைய உடல்நலம் அவளுக்குத் திரும்பவே இல்லை. இரண்டாம் பாகத்தில் இறந்துபோகிறாள்.

முதல் வருகையை உலகமே நினைவில் வைத்திருக்கிறது. இரண்டாவதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? விழாநாளில் எல்லாரும் சேர்ந்து செய்யும் பிறரன்புப் பணிக்கும், சாதாரண நாளில் ஒருத்தி தனியே தொடரும் பணிக்கும் உள்ள தொலைவை ஆல்காட் ஒரே வீட்டு வாசலை வைத்தே அளந்துவிட்டார். கூடத்தில் நடக்கும் அந்தச் சிறு உரையாடலில் கொடியவர் எவரும் இல்லை. களைப்பும் சளியும் மட்டுமே இருக்கின்றன. இவற்றை நாமும் சொல்லியிருக்கிறோம் என்பதால்தான் அப்பகுதி நெஞ்சைச் சுடுகிறது.

ஆசிரியரின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இங்கே இன்னொன்று புலப்படும். பெத்துக்கு முன்மாதிரி அவருடைய தங்கை எலிசபெத். 1856-ல் அவளுக்குச் செங்காய்ச்சல் கண்டது. அவர்கள் தாய் அபிகெயில் உதவிவந்த ஓர் ஏழைக் குடும்பத்திலிருந்து வந்த நோய் அது. 1858 மார்ச்சில், 22 வயதில், எலிசபெத் இறந்தாள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, பெண்பிள்ளைகளுக்கு ஒரு கதை வேண்டும் என்று பதிப்பாளர் தாமஸ் நைல்ஸ் கேட்க, அத்தனை விருப்பமின்றி எழுதத் தொடங்கிய ஆல்காட் இந்தச் சாவை நாவலுக்குள் கொண்டுவந்தார். ஆனால் தாயை வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டார். நோய் வந்த பழியைத் தாயின் கையிலிருந்து எடுத்து மூத்த சகோதரியர் மேல் வைத்தார். அவர்களுள் ஒருத்தி கதை எழுதிக்கொண்டிருந்த ஜோ, அதாவது ஆசிரியரே. தாயைக் காப்பதற்காக மட்டும் இதைச் செய்தார் என்று நமக்குத் தோன்றவில்லை. இதை ஒருவகைப் பாவ அறிக்கையாகவே நாம் படிக்கிறோம்.

இவ்விடத்தில் கத்தோலிக்க வாசகர் நின்று பார்க்கவேண்டிய சிறு காட்சி ஒன்று உண்டு. தொற்றுக்கு அஞ்சி ஏமியை மார்ச் அத்தையின் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே பணிபுரியும் எஸ்தர் ஒரு பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பெண். அவள் கையிலுள்ள செபமாலையை ஏமி வியந்து பார்க்கிறாள். எஸ்தர் ஒரு சிற்றறையைச் செபிக்கும் இடமாக ஒழுங்குசெய்து, தேவதாயும் பாலகனும் உள்ள படத்தை வைத்துத் தருகிறாள். ஏமி அங்கே தங்கைப் பாசத்தோடு பெத்துக்காக மன்றாடுகிறாள். செபமாலையை மட்டும், தன் சபை வழிபாட்டுக்குப் பொருந்துமோ பொருந்தாதோ என்று ஐயுற்றுத் தொங்கவிட்டுவிடுகிறாள். அக்கால நியூ இங்கிலாந்தில் கத்தோலிக்கர் மீதிருந்த வெறுப்பை எண்ணினால் இது பெருந்தன்மையான பக்கம்தான். இதே நூலில் தெருவில் நிற்கும் ஐரிஷ் குழந்தைகள் பள்ளிச் சிறுமியரின் பரம எதிரிகளாக வந்துபோகிறார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. பழக்கமும் பெருந்தன்மையும் ஒரே பேனாவிலிருந்து வந்திருக்கின்றன.

இரண்டாம் பாகத்தில் ஹம்மல் குடும்பம் என்னவாகிறது? இதைத்தான் நாம் எதிர்பார்க்கவில்லை. ஏமி வகுப்புத் தோழியருக்கு ஒரு விருந்து வைக்க, ஒருத்தி மட்டுமே வருகிறாள். மிஞ்சியதைத் தின்று சலித்த ஏமி, எல்லாவற்றையும் கூடையில் கட்டி ஹம்மல் வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறாள். ஜெர்மானியருக்கு இப்படிக் கலந்துகட்டியவை பிடிக்குமாம். புதுமணப் பெண்ணான மெக் சமைத்துப் பாழாக்கிய பண்டங்களும் ஹம்மல் பிள்ளைகளின் வயிற்றுக்குள்தான் மறைகின்றன. ஆசிரியர் இரண்டையும் நகைச்சுவையாகவே சொல்கிறார். தம் பசிக்கு உரிய உணவைக் கொடுத்த கைகள் மிச்சத்தைக் கொடுக்கத் தொடங்கியதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. அவரோ 1851-ல் பிறர் வீட்டில் வேலைக்கு நின்று, ஏழு வார உழைப்புக்கு நான்கு டாலர் மட்டும் கூலி பெற்றவர்! வறுமையை உள்ளிருந்து அறிந்தவருக்கே இது நேர்கிறது. நமக்கென்று சில ஏழைகள் அமைந்துவிட்டால், அவர்களுடைய வாசல் நமக்கு வசதியாகிவிடுகிறது.

ஒரு வரி மட்டும் நம்மை இன்னும் விட்டபாடில்லை. பெத் உயிருக்குப் போராடும் நாள்களில் பால்காரர், ரொட்டிக்காரர், மளிகைக்காரர், இறைச்சிக்காரர் என்று எல்லாரும் அவள் நலம் கேட்கிறார்கள். அந்த வரிசையில் ஹம்மல் அம்மையாரும் வருகிறார், தம் கவனக்குறைவுக்கு மன்னிப்புக் கேட்க. கூடவே, மின்னாவுக்கு ஒரு கோடித்துணி வாங்கிப்போக. மின்னா யார்? முந்திய அதிகாரத்தில் தொண்டை நோவோடு படுத்திருந்ததாக ஒரே ஒருமுறை பெயர் சொல்லப்பட்ட பிள்ளை. கைக்குழந்தைக்குப் பின் அவ்வீட்டில் இது அடுத்த சாவு. கதை அங்கே நிற்பதில்லை. கூச்சமுள்ள பெத்துக்கு இத்தனை நண்பர்களா என்று வியந்தபடியே அவள் கட்டிலுக்குத் திரும்பிவிடுகிறது.