ஐயஸ்: வெறும் குஞ்சு இல்லை

'ஹேம்லெட்' இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. நாடகக்காரர்கள் ஏன் நகரத்தை விட்டு ஊர் ஊராகப் போகிறார்கள் என்று ஹேம்லெட் கேட்கிறான். அங்கே இப்போது சின்னப் பையன்கள் நடிக்கும் நாடகத்துக்குத்தான் மவுசு என்கிறான் ரோசன்கிராண்ட்ஸ். அந்தப் பையன்களை அவன் 'ஐயஸ்' என்கிறான். இதற்கு 'வல்லூற்றுக் குஞ்சு' என்று ஒரு அடிக்குறிப்பு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். தப்பில்லை, ஆனால் பாதி அர்த்தம்தான்.

பறவையை வேட்டைக்குப் பழக்குகிறவர்களுக்கு வயது மட்டும் போதாது; எந்த நிலையில் பிடித்தது என்பதும் முக்கியம். பறக்கும் முன்பே கூட்டிலிருந்து எடுத்தது ஐயஸ். வெளியில் தானே வேட்டையாடிப் பழகி, முதிர்ந்த இறகோடு பிடிபட்டது ஹேகர்ட். ஐயஸுக்கு மனிதனிடம் பயம் குறைவு. ஆனால் வேட்டை தெரியாது. தீனி கேட்டுக் கத்தும்.

சொல்லின் வேரும் அதேதான். லத்தீனில் 'நீடுஸ்' என்றால் கூடு. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு 'நையஸ்' ஆக வந்தது. 'அ நையஸ்' என்பது 'அன் ஐயஸ்' என்று காதில் விழ, முதல் எழுத்து முன்சொல்லோடு ஓடிப்போச்சு. 'நேப்ரன்' 'ஏப்ரன்' ஆனதும் இப்படித்தான். 1486-இல் அச்சான செயின்ட் ஆல்பன்ஸ் நூலோ, இந்தப் பறவைக்குக் கண்ணில் நீர் வடியும், அதனால் கண்ணை வைத்து வந்த பெயர் என்கிறது. கூடு மறந்துபோனால் இப்படித்தான் விளக்கம் முளைக்கும்!

இப்போது அந்தப் பையன்களைப் பாருங்கள். 1600 டிசம்பரில் லண்டனில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தாமஸ் கிளிஃப்டன் என்ற பையனை, பிளாக்ஃபிரையர்ஸ் நாடக அரங்கின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அரச தேவாலயத்தில் பாடப் பையன்களை எடுத்துக்கொள்ள அதிகாரம் இருந்தது. அதைக் காட்டி நடிக்க ஆள் சேர்த்தார்கள். மேலிடத்தில் முறையிட்டுத்தான் அப்பா ஹென்றி மகனை மீட்டார். 1601-இல் அவர் கொடுத்த புகாரில் இன்னும் ஏழு பையன்களின் பெயர்கள் இருக்கின்றன.

ஷேக்ஸ்பியர் இந்த வழக்கை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ரோசன்கிராண்ட்ஸ் கேலியாகச் சொன்னதும் ஹேம்லெட் என்ன கேட்கிறான்? இவர்களை யார் பராமரிக்கிறார்கள், குரல் உடைந்த பிறகு என்ன ஆவார்கள் என்று. 'குஞ்சு' என்று மட்டும் படித்தால் இந்தக் கேள்விகள் திடீரென்று வந்த மாதிரி இருக்கும். கூட்டிலிருந்து தூக்கி வந்த குஞ்சு என்று படித்தால், அடுத்து கேட்க வேண்டியதே அதுதான். தமிழில் மொழிபெயர்க்கிறவர்கள் அந்தக் கூட்டை மட்டும் விட்டுவிடக் கூடாது.