ரசிகர் குரலையும் சேர்த்துக் கேளுங்கள்

கே-பாப் பாட்டை யூடியூபில் பார்த்துவிட்டு, 'பிள்ளைகள் இப்படிக் கிறங்க இதில் என்ன இருக்கிறது?' என்று கேட்பவர்கள் பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கிறார்கள். மறுபாதி ரசிகர்களிடம் இருக்கிறது. அதே பாட்டைக் கொரியாவின் கே.பி.எஸ். தொலைக்காட்சி நடத்தும் 'மியூசிக் பேங்க்' மேடையில் பாடிய பதிவாகத் தேடி எடுத்து, ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள்.

பி.டி.எஸ். குழுவின் பாட்டென்றால், முன்னிசை ஓடும்போதே அரங்கம் ஏழு பேரையும் வரிசையாக அழைக்கும்: கிம் நம்ஜுன் தொடங்கி ஜொன் ஜங்குக் வரை. ஆர்.எம்., சுகா, வி என்ற மேடைப் பெயர்கள் அல்ல, பெற்றோர் வைத்த பெயர்கள். இதுதான் ஃபேன் சான்ட். எந்த இடத்தில் எதைச் சொல்வது என்பதைக் குழுக்களை நடத்தும் பல நிறுவனங்கள் முன்கூட்டியே அறிவித்துவிடும். ரசிகர்கள் மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். ஒரு வரி முடிந்து அடுத்தது தொடங்கும் சின்ன இடைவெளியில் அவர்கள் குரல் பிசகாமல் வந்து விழுவதைக் கவனியுங்கள்.

பிறகு நிறங்களைப் பாருங்கள். 1990-களின் கடைசியில் எச்.ஓ.டி. குழுவின் ரசிகர்கள் வெள்ளைப் பலூனும் ஜெக்ஸ்கீஸ் குழுவின் ரசிகர்கள் மஞ்சள் பலூனும் பிடித்தார்கள். இன்று குழுவுக்கொரு லைட்ஸ்டிக், அதாவது கையில் பிடிக்கும் விளக்கு.

கூட்டத்தில் பிள்ளைகள் தங்களைத் தொலைக்கிறார்கள் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. பள்ளி, தனிப்பயிற்சி, நுழைவுத்தேர்வு என்று கொரியப் பதின்வயதினரின் நாளைப் பெரியவர்கள்தான் வகுக்கிறார்கள். எந்தக் குழு, அதில் யார் தன் 'பயஸ்', அதாவது மிகப் பிடித்தவர், என்பதை மட்டும் ஒரு ரசிகை தானே தேர்ந்தெடுக்கிறாள். தான் யார் என்று அவள் சொல்லிப் பார்க்கும் இடம் அது.

ரசிகர்கள் கையிலுள்ள விளக்கு புண்படுத்தியதும் உண்டு. 2008-இல் பல குழுக்கள் பாடும் டிரீம் கான்சர்ட் நிகழ்ச்சியில் கேர்ள்ஸ் ஜெனரேஷன் குழு பாடியபோது மற்றக் குழுக்களின் ரசிகர்கள் விளக்குகளை அணைத்து அரங்கையே இருட்டாக்கினார்கள். ஆனால் அதே குழு 2007-இல் அறிமுகமான 'இன்டு தி நியூ வேர்ல்ட்' பாட்டை 2016-இல் சியோல் நகரின் இஹ்வா மகளிர் பல்கலைக்கழக மாணவிகள், தங்கள் போராட்டத்தில் போலீஸ் சூழ நின்றபோது கைகோத்துப் பாடினார்கள். 2024 டிசம்பரில் தென்கொரியாவில் ராணுவச் சட்ட அறிவிப்பை எதிர்த்து நாடாளுமன்றத்தின் முன் திரண்ட இளம்பெண்கள் ஆளுக்கொரு குழுவின் லைட்ஸ்டிக்கோடு வந்தார்கள். அங்கும் அந்தப் பாட்டு ஒலித்தது. முதலில் அதன் 2007 காணொளி, அடுத்து இஹ்வா பதிவு, கடைசியில் 2024 பதிவு என்று வரிசையாகக் கேளுங்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு கே-பாப் ரசிகை இருந்தால், அவளுடைய பயஸ் யார், ஏன் என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.