பொன்னாடைக்குப் போகும் வட்டி

எங்கள் பக்கத்துத் தோல் வியாபாரிகள் கல்விக்குத் தாராளமாகவே கொடுத்தவர்கள். மேல்விஷாரத்தில் 1965-இல் தொடங்கிய கல்லூரியே அப்துல் ஹக்கீம் பெயரில்தான் நிற்கிறது. ஆனால் இயற்பியல் துறைகளில் நான் கேட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவுகளில் என்ன நடக்குது? குத்துவிளக்கு, பொன்னாடை, ஒரு மணி நேரம் ஸ்லைடு, சாப்பாடு. சாயங்கால ரயிலில் பேச்சாளர் கிளம்பிவிடுவார், அவ்வளவுதான். பசங்க வாயே திறப்பதில்லை.

1960-இல் சென்னை வந்த நீல்ஸ் போர், அல்லாடி ராமகிருஷ்ணன் வீட்டுக் கருத்தரங்கின் மாணவர்களைச் சந்தித்து, வெளிப்படையாகப் பாராட்டினார். அது நேருவின் காதுக்கு எட்டியது. 1962-இல் மேட்சயன்ஸ் பிறந்தது. அங்கே விருந்தினரைவிட மாணவர்கள்தான் முக்கியம்.

வாணியம்பாடியிலிருந்து மலையேறினால் காவலூர் வானாய்வகம். அங்கிருந்து ஒருவரை அழைத்து மூன்று நாள் தங்கவையுங்களேன். வட்டிப் பணம் அதற்குப் போகட்டும்.